ஒண்ணா, ரெண்டா? திருச்சியின் பழைய தொகுதிக் கதைகள்

காவிரிக்கரை எழுதியது:

போன மாதம் வீட்டுக்கு வெள்ளையடிப்பதற்காக அப்பாவின் தகரப் பெட்டியை நகர்த்தினோம். திறந்தால் பழைய ரேஷன் கார்டு, எல்ஐசி ரசீதுகள், யாருடையதோ கல்யாணப் பத்திரிகை. அவற்றுக்கு நடுவே ஒரு பூத் சிலிப். 'திருச்சிராப்பள்ளி – 2' என்று அச்சடித்திருந்தது. அப்பா பெயரில் ஓர் ஒற்றைக் காணோம்.

மகள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "தாத்தா தெப்பக்குளம் பக்கமா குடியிருந்தாரு?" என்று கேட்டாள். ஆன்லைனில் பொருள் வாங்கிப் பழகியவள். அவளுக்குத் திருச்சி-2 என்றால் 620002, தெப்பக்குளம் தபால் நிலையம். இது தொகுதிம்மா என்றேன். "தொகுதின்னா கிழக்கு, மேற்குதானே?" என்று மறுபடி கேட்டாள்.

அவள் சொல்வதும் சரிதான். 2008இல் தொகுதி மறுசீரமைப்பு ஆணை வந்ததோடு திருச்சி ஒன்றும் இரண்டும் போய்விட்டன. இப்போது 140 மேற்கு, 141 கிழக்கு. அதற்கு முன்பு 1976 ஆணையில் போட்ட எல்லைதான் 1977 முதல் 2006 வரை எட்டு சட்டமன்றத் தேர்தல்களுக்கும் ஓடியது. முப்பது வருஷம் ஊர் எவ்வளவோ வீங்கியது. 1994இல் ஸ்ரீரங்கத்தையும் பொன்மலையையும் சேர்த்து மாநகராட்சி ஆனது. தொகுதிக் கோடு மட்டும் அப்படியே இருந்தது. இடத்தின் எண்ணிக்கையையும் எல்லையையும் உறைய வைத்திருந்தார்கள். 2001 கணக்கெடுப்பை வைத்து நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையம் எல்லையைத் திருத்திய பிறகும் தமிழ்நாட்டுக்கு அதே 234 இடங்கள்தான்.

லால்குடிக்கு லால்குடி என்று பெயர். முசிறிக்கு முசிறி. இவ்வளவு பெரிய ஊரை மட்டும் பஸ் ரூட் மாதிரி நம்பர் போட்டுக் கூப்பிட்டார்கள். சின்ன வயதில் எனக்கு அது கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது. ஆனால் அந்த நம்பரோடு எல்லோருக்கும் ஒரு கதை இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. எங்கள் தெருவில் யாராவது ஓட்டுப் பேச்சை எடுத்தால் முதல் கேள்வி, "நீங்க ஒண்ணா, ரெண்டா?" உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்.


சுவர் எழுதியவன்:

நான் பத்தொன்பது வயதில் சுவர் எழுதப் போனேன். 1989 ஜனவரித் தேர்தல். எம்ஜிஆர் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கட்சி உடைந்து இரட்டை இலை முடங்கிவிட்டது. ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. கை தனி, சூரியன் தனி. எங்களுக்கு அதுதான் அறுவடை. நாலு சின்னமும் எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு வரும். சேவலுக்குக் கொண்டைதான் கஷ்டம், கொஞ்சம் தவறினால் வான்கோழியாகிவிடும்.

அப்போது தொகுதி எண்ணை ரோமன் எழுத்தில் போடச் சொல்வார்கள். ஒரு கோடு போட்டால் ஒன்று, பக்கத்தில் இன்னொரு கோடு போட்டால் இரண்டு. ஒன்றை இரண்டாக்குவது சுலபம். இரண்டை ஒன்றாக்கத்தான் சுண்ணாம்பு வேண்டும்.

ஒருநாள் ராத்திரி பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் ஒரு தெரு முழுக்க எழுதி முடித்தோம். வஜ்ஜிரம் காய்ச்சிக் கலந்த சாயம், மழை வந்தாலும் போகாது. விடிந்ததும் வட்டப் பிரதிநிதி வந்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. "தம்பி, இந்தச் சிறகு நம்ம தொகுதி. எதிர்ச் சிறகு அடுத்த தொகுதிடா. அங்க போய் நம்ம ஆள் பேரை எழுதி வச்சிருக்கியே?" என்றார். பெயரையும் நம்பரையும் அழித்து மறுபடி எழுதினேன். கூலியில் பாதி பிடித்துவிட்டார்கள். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், அந்தக் கட்சிக்குத்தான் இன்றைக்கும் என் ஓட்டு.


உறையூர் தறிவீடு:

எங்கள் வீட்டில் 1977ஐ இரண்டு விதமாகச் சொல்வார்கள். ஜூனில் ஓட்டு, நவம்பரில் வெள்ளம். குழித்தறிக்குள் தண்ணீர் இறங்கி, பாவு நூல் எல்லாம் சேறு. அம்மா சொல்வது: "ஓட்டுக் கேட்டு இந்தச் சந்துக்குள்ள வராதவங்கள்லாம் வெள்ளத்துக்கு வந்தாங்க. ஒண்ணுக்காரங்க, ரெண்டுக்காரங்க, எல்லாரும். தண்ணிக்கு எல்லை தெரியுமா?"

என் கதை 1991. ஓட்டு வயதை 21இலிருந்து 18 ஆக்கிய பிறகு தமிழ்நாட்டில் நடந்த முதல் சட்டமன்றத் தேர்தல். எனக்குப் பத்தொன்பது. பட்டியலில் பெயர் வந்துவிட்டது என்று அப்பா சிலிப்பை சாமி படத்துக்குக் கீழே வைத்திருந்தார். மே 21 ராத்திரி ஸ்ரீபெரும்புதூர் செய்தி வந்தது. 26ஆம் தேதி நடக்க வேண்டிய தேர்தல் ஜூன் 15க்குப் போனது. சிலிப் மூன்று வாரம் அங்கேயே இருந்து, மேலே விபூதி படிந்துவிட்டது.

கடைசியில் போய் நின்றேன். பாராளுமன்றத்துக்கு வெள்ளைச் சீட்டு, சட்டமன்றத்துக்கு ரோஸ் சீட்டு. முத்திரை மை அடுத்த சின்னத்தில் ஒட்டாமல் மடிக்க வேண்டும் என்று அப்பா வீட்டில் செய்தித்தாளை வைத்தே பழக்கியிருந்தார். அதனால் மடிப்பதில் தவறு செய்யவில்லை. மடித்த சீட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே நடந்துவிட்டேன்! பின்னாலிருந்து, "ஏம்மா, ஏம்மா, பெட்டி இங்க இருக்கு" என்று ஒரு அலறல். இன்றைக்கும் என் தம்பி இதைச் சொல்லிச் சிரிப்பான்.

கல்யாணம் ஆகி நான் போனது நடந்து போகும் தூரம்தான், ஆனால் அடுத்த தொகுதி. அங்கே சேர்க்கவில்லை, இங்கே நீக்கிவிட்டார்கள். 1996இல் எனக்கு ஓட்டே இல்லை. மாமியார் வீட்டில் எல்லோரும் விரலில் மையோடு திரும்பி வந்தபோது எனக்கு அழுகை வந்தது, யாரிடமும் சொல்லவில்லை.


ரெட்டை மாட்டு வண்டி:

எங்கள் தொகுதிப் பெருமையையும் கொஞ்சம் எழுதுங்கப்பா. 2006இல் கே.என். நேரு லால்குடியை விட்டு வந்து நின்று ஜெயித்து, போக்குவரத்து அமைச்சர் ஆனது எங்கள் ஒன்றாம் தொகுதியில்.


வாத்தியார் (ஓய்வு):

அது இரண்டு. நீங்களே இப்படி மாற்றிச் சொன்னால் காவிரிக்கரை மகளை என்ன சொல்வது! 2011இல் அவர் மேற்கில் நின்று தோற்றார். ஜெயித்த மரியம்பிச்சை அமைச்சரும் ஆகிவிட்டார். ஆனால் எம்எல்ஏவாக உறுதிமொழி எடுக்கச் சென்னைக்குப் போகும் வழியில், மே 23ஆம் தேதி, சாலை விபத்தில் இறந்தார். அதே வருஷம் அக்டோபரில் இடைத்தேர்தல். மேற்கு என்ற புதுப் பெயர் ஊர் வாயில் ஏறியதே அந்த இடைத்தேர்தலில்தான் என்பது என் கணிப்பு.

சரி, என் கதை. எனக்கு ஓட்டு ஒன்றில், டூட்டி எப்போதும் வேறெங்காவது. 1996இல் தபால் ஓட்டுக்கு மனு கொடுத்தேன். உறை வந்தது, பிரித்தால் அடுத்த தொகுதியின் சீட்டு. வேட்பாளர் ஒருவர்கூட என் தொகுதிக்காரர் இல்லை. அனுப்பிய இடத்தில் போய்ச் சொன்னேன். அங்கிருந்தவர் நிமிர்ந்து பார்க்காமல், "ரெண்டும் திருச்சிதானே சார்" என்றார். முப்பத்தைந்து வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவனிடம் ஒன்றும் இரண்டும் ஒன்றுதான் என்றால் எப்படி இருக்கும்? திருப்பிக் கொடுத்தேன். மாற்றுச் சீட்டு வரவே இல்லை.

2001இல்தான் தமிழ்நாடு முழுவதற்கும் மின்னணு இயந்திரம் வந்தது. அந்த வருஷம் எனக்கு வாய்த்த சாவடி ஒரு பள்ளிக்கூடம், ஒரே வாசல். இடதுபக்க அறைகள் ஒரு தொகுதி, வலதுபக்கம் இன்னொன்று. வாசலில் ஒரு போலீஸ்காரர் ஊர்க் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீடு, பெண் வீடு பிரிப்பதுபோல் ஆட்களைப் பிரித்து அனுப்பிக்கொண்டிருந்தார்.

பாலக்கரைப் பக்கம் சுருட்டுச் சுற்றிய ஒரு பாட்டி வந்தார். விரல் நுனியெல்லாம் புகையிலைக் கறை. இடது ஆள்காட்டி விரலில் மை வைத்த ஆள், "இதுல எங்க வைக்கிறது?" என்று என்னைப் பார்த்தார். பாட்டி பொத்தானை அழுத்தினார், 'பீப்' என்று சத்தம் வந்தது. அப்புறமும் மறைப்புக்குள்ளேயே நின்றார். "முடிஞ்சுதுங்கம்மா, வாங்க" என்றேன். "சீட்டு எங்க? எதை மடிச்சுப் போடுறது?" என்று கேட்டார். இனிமேல் சீட்டு கிடையாது என்று விளக்கினேன். அவருக்குத் திருப்தியே இல்லை. "சத்தம் மட்டும் வந்தா போதுமா? மேடையிலயும்தான் சத்தம் வருது" என்று சொல்லிக்கொண்டே போனார். ஏஜென்டுகள் எல்லோரும், எதிர் எதிர்க் கட்சிக்காரர்கள், ஒன்றாகச் சிரித்தது அன்றைக்கு அந்த ஒரு தடவைதான்.


பொன்மலை ஷெட்:

பொன்மலைக்காரனுக்கு இந்த ஒன்று, இரண்டு சண்டையில் பெரிய பங்கில்லை. ஆனாலும் ஊரின் குணத்தைப் பேசும்போது எங்களை விட்டுவிட முடியாது. 1946 செப்டம்பர் 5, சங்கத் திடலில் துப்பாக்கிச்சூடு, ஐந்து தொழிலாளர்கள் செத்தார்கள். என் தாத்தா அன்றைக்கு ஓடி ஒளிந்த கதையை வருஷா வருஷம் சொல்வார், வருஷா வருஷம் அவர் ஓடிய தூரம் கூடும்.

அந்த ரயில்வே சங்கத்துத் தலைவர் அனந்த நம்பியார்தான் 1962இலும் 1967இலும் திருச்சி எம்பி. அவருக்கு அடுத்து 1971இலும் 1977இலும் எம். கல்யாணசுந்தரம், அவரும் கம்யூனிஸ்ட். அதே ஊர் 1998இலும் 1999இலும் பாஜகவின் ரங்கராஜன் குமாரமங்கலத்தை அனுப்பியது. இதை வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் திருச்சியை நம்ப முடியாது என்பார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு கால் கிலோமீட்டர் நடந்தாலே வியாபாரி, நெசவாளி, வைரம் பட்டை தீட்டுகிறவர், செயின்ட் ஜோசப் கல்லூரி மாணவன், நத்தர்வலி தர்காவுக்குப் போகிறவர் எல்லோரும் எதிரே வருகிறார்கள். யாரையும் பிடித்து 'இது எங்க கோட்டை' என்று இங்கே எழுதிக் கொடுக்க முடியாது.

1956 மே மாதம் திமுக மாநாடு நடந்ததும் திருச்சியில்தான். தேர்தலில் நிற்கலாமா வேண்டாமா என்று வந்தவர்களிடமே பெட்டி வைத்து ஓட்டுக் கேட்டார்கள். ஐம்பத்தாறாயிரத்துக்கு மேல் 'நிற்கலாம்'. ஓட்டுப் போடலாமா என்பதற்கே ஓட்டுப் போட்ட ஊர் இது. தாத்தா பந்தலுக்கு வெளியே கடலை விற்றாராம். அவரிடம் யாரும் கேட்கவில்லையாம்.


குடமுருட்டிக் கரை:

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குரல். உங்களுக்காவது நம்பர் போய்ப் பெயர் வந்தது. எங்களுக்குப் பெயரே போய்விட்டது. வலங்கைமான் என்று ஒரு தனித்தொகுதி இருந்தது, கோமதி சீனிவாசன் எம்ஜிஆர் ஆட்சியில் அமைச்சராக இருந்தாரே, அவருடைய தொகுதி. அதே 2008 ஆணையில் காணாமல் போனது. இப்போது வலங்கைமான் வட்டம் நன்னிலத்தில். அந்தப் பக்கம் குத்தாலம் தொகுதியும் போயிற்று. பாடைகட்டி மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு எங்கெங்கிருந்தோ ஜனம் வருகிறது. சட்டசபையில் மட்டும் எங்கள் ஊர்ப் பெயர் ஒலிப்பதில்லை.

மனு கொடுக்க வேண்டுமென்றால் எங்கே போவது என்றே முதல் இரண்டு வருஷம் பெரியப்பாவுக்குத் தெரியவில்லை. வாய்க்கால் தூர்வார மனு எழுதி, வேறு தொகுதி எம்எல்ஏவிடம் போய் நீட்டினார். அவர் நல்ல மனுஷர், டீ வாங்கிக் கொடுத்து, "உங்க ஊர் என்கிட்ட இல்லீங்களே" என்று அனுப்பிவிட்டார். வாய்க்கால் அந்த வருஷமும் தூர்வாரவில்லை.


காவிரிக்கரை:

வலங்கைமான்காரருக்கு முன்னால் என் பழைய அவமானம் எல்லாம் ஒன்றுமே இல்லை. சுவர் எழுதியவரே, எங்கள் தெருவிலும் ஒரு பழைய சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்து ஒரு கோடு மட்டும் தெரிகிறது. அது ஒன்றா, இரண்டில் பாதியா என்று உங்களைத்தான் கேட்க வேண்டும். படம் எடுத்துப் போடுகிறேன்.


சுவர் எழுதியவன்:

படம் வேண்டாம். தெருப் பெயரை மட்டும் சொல்லுங்கள். என் சுவர் என்றால் பக்கத்தில் ஒரு வான்கோழியும் இருக்கும்.