நிவாரணப் பட்டியலில் விதவைத் தாய்மார் விடுபட்டார்கள். ஒற்றுமைக்காகப் பேசாமல் இருப்பதா?

கொட்டியாரக்குடா (திருகோணமலை) கேட்கிறார்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் திருகோணமலை நகரத்துச் சபையொன்றில் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஊழியம் செய்கிறேன். சபையின் பெயரைச் சொல்லவில்லை. யாரையும் அவமானப்படுத்த இதை எழுதவில்லை. மனம் ஆறவில்லை, அதனால் கேட்கிறேன்.

எங்கள் சபையில் நகரத்திலேயே தலைமுறையாக இருக்கிற குடும்பங்களும் உண்டு, மூதூர், சம்பூர்ப் பக்கத்துக் குடும்பங்களும் உண்டு. அந்தப் பக்கத்தவர்களில் பலர் 2006 சண்டையில் இடம்பெயர்ந்து, கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களில் வருடக்கணக்காகக் கிடந்தவர்கள். சம்பூரார் தங்கள் காணிக்குத் திரும்பத் தொடங்கியதே 2015இல்தான். முந்தி லாஞ்சில் குடாவைக் கடந்து ஆராதனைக்கு வருவார்கள். 2009இல் கிண்ணியாப் பாலமும், பிறகு மற்றப் பாலங்களும் திறந்ததிலிருந்து பஸ்ஸில் வருகிறார்கள். அவ்வளவு தூரத்திலிருந்து வந்து, எங்களுக்கு முன்னமே வந்து வாங்கில் இருப்பார்கள்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல். மகாவலி பெருகி, மாவிலாறு அணைக்கட்டும் உடைந்து, வெருகல், மூதூர்ப் பக்கமெல்லாம் வெள்ளம். எங்கள் சபையும் சும்மா இருக்கவில்லை. அரிசி, பருப்பு, சீனி, மா, ரின்மீன், சவர்க்காரம் என்று பொதி கட்டினோம். வாலிபப் பிள்ளைகள் இரவிரவாக நின்று கட்டினார்கள், அதை நான் மறக்க மாட்டேன். ஆனால் யாருக்குக் கொடுப்பது என்ற பட்டியல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆலய விறாந்தையில் வைத்து எழுதப்பட்டது. பாதை வெட்டுப்பட்டதால் மூதூர்ப் பக்கத்து ஆட்கள் அன்றைக்கு ஒருவரும் வரவில்லை. வந்திருந்தவர்கள் தங்களுக்குத் தெரிந்த பெயர்களைச் சொன்னார்கள். பிறகு லொறி அங்கே போனபோது சில வீடுகளுக்குக் கிடைத்தது. தனியாக இருக்கிற விதவைத் தாய்மார் நாலைந்து பேருக்குக் கிடைக்கவில்லை. அதில் ஒரு அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. கிணறு முழுக்கச் சேறு, வளர்த்த கோழிகளும் போய்விட்டன. அவர் வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. மருமகள்தான் சபைக் கூட்டத்தில் எழுந்து கேட்டாள்.

அதற்குக் கிடைத்த பதில்தான் என்னை உறுத்துகிறது. “முறுமுறுக்காதீர்கள், பிசாசு சபையைப் பிரிக்கப் பார்க்கிறான், ஒற்றுமைக்காக விட்டுவிடுங்கள்” என்று மூத்தவர் ஒருவர் சொன்னார். பலர் ஆமென் சொன்னார்கள். அதோடு பேச்சு முடிந்தது. கிறிஸ்மஸுக்கு அந்தக் குடும்பங்கள் வரவில்லை. வருடாவருடம் போகிற கரோல் குழுவும் அந்தப் பக்கம் போகவில்லை. இப்போது ஞாயிறுகளில் ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கிறார்கள். தனிச் சபையாகப் போகிறோம் என்ற கதையும் காதில் விழுகிறது.

போதகர் ஐயா நல்ல மனிதர், ஆனால் மூத்தவர்களோடு முரண்பட விரும்பாதவர். நான் என்ன செய்யலாம்? மிச்சப் பொதிகளைக் கொண்டுபோய்க் கொடுத்து மன்னிப்புக் கேட்டால் போதுமா? பெரியவர்கள் சொல்வதுபோல நேரம் ஆற்றும் என்று விடுவதா? ஒரே அப்பத்தில் பங்கெடுத்தவர்கள் ஒரு பட்டியலால் பிரிந்து போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

பாலையூற்று ரீச்சர்:

மகள், அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தை எடுத்து மெதுவாக வாசியுங்கள். நீங்கள் எழுதியிருப்பது அப்படியே அங்கே இருக்கிறது. எருசலேமின் முதல் சபையில் அன்றாட விசாரணையில், அதாவது தினமும் சாப்பாடு பங்கிடுவதில், கிரேக்கருடைய (கிரேக்க பாஷை பேசின யூதருடைய) விதவைகள் விடுபட்டார்கள், முறுமுறுப்பு உண்டாயிற்று. இரண்டு பக்கத்தவர்களும் யூதர்கள்தான், இயேசுவை விசுவாசித்தவர்கள்தான். பேசுகிற பாஷையும் வந்த இடமும்தான் வேறு. தூரதேசங்களிலிருந்த யூதர்கள் முதுமையில் எருசலேமுக்கு வந்து குடியேறுவது வழக்கமாக இருந்ததால், அவர்களுடைய விதவைகளுக்கு அங்கே சொந்தபந்தம் குறைவு என்று வேத அறிஞர்கள் பலர் விளக்குகிறார்கள். சொந்தம் இல்லாதவளுடைய பெயரைப் பட்டியலில் யார் சொல்வார்கள்?

அப்போஸ்தலர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். பேசாதே என்று சொல்லவில்லை. கேட்டவர்களின் விசுவாசத்தைக் குறை சொல்லவில்லை. சீஷர் கூட்டம் முழுவதையும் வரவழைத்து, நீங்களே ஏழு பேரைத் தெரிந்துகொள்ளுங்கள் என்றார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா: ஏழும் கிரேக்கப் பெயர்கள். யாருடைய விதவைகள் விடுபட்டார்களோ, அந்தப் பக்கத்தாரிடமே பந்தி விசாரணை போனதாகத்தான் நான் வாசிக்கிறேன். இதைப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். அந்த ஏழு பேர்மேல் கைகளை வைத்ததற்கு அடுத்த வசனமே சீஷருடைய தொகை பெருகிற்று என்று சொல்கிறது.

ஆகவே பொதி கொடுப்பது மட்டும் போதாது. பட்டியல் எழுதுகிற பேனையை அவர்கள் கையில் கொடுங்கள்.

சமாதானம்77:

சகோதரி, சபைக்குள் நடந்ததை இப்படி வெளியே எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மத்தேயு 18 சொல்வது தனியாகப் போய்ப் பேசு என்றுதானே? பெரியவர்களைக் குறித்து எழுதும்போது பயம் வேண்டும்.

கொட்டியாரக்குடா:

ஐயா, உங்கள் பயத்தை மதிக்கிறேன். அதனால்தான் ஒரு பெயரும் எழுதவில்லை. ஆனால் அந்த வசனம் ஒருவன் இன்னொருவனுக்குச் செய்த குற்றத்தைப் பற்றியது. தனியாகப் பேசியும் கேளாவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போ, அதற்கும் கேளாவிட்டால் சபைக்குத் தெரியப்படுத்து என்றும் அது சொல்கிறது. அந்தப் பிள்ளை சபையிடம்தான் கேட்டாள், சபை அவளைப் பேசாமல் இருக்கச் சொன்னது. ஏழை விதவை பசியோடு இருக்கும்போது நாங்கள் அமைதியாக இருந்தால் அதற்கு ஒற்றுமை என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

மட்டுநகரான்:

ரீச்சர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் மட்டக்களப்புப் பக்கத்துச் சபைகளில் நிவாரணக் கணக்கு எழுதினவன் நான். அன்பு இல்லாததால் வந்த சண்டையைவிட, கணக்கும் பட்டியலும் ஒருவர் கையில் மட்டும் இருந்ததால் வந்த சண்டைதான் அதிகம். பவுல் எருசலேமுக்கான தர்மப்பணத்தைச் சேர்க்கத் தீத்துவோடு வேறு சகோதரரையும் அனுப்பினார். ஒருவரும் குற்றம் சொல்லாதபடி, கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக நடக்க வேண்டும் என்று 2 கொரிந்தியர் 8இல் காரணமும் சொல்கிறார். பவுலுக்கே அது தேவைப்பட்டது.

பட்டியலை ஆலயத்தில் எழுதாமல் அந்தந்த ஊரில் போய் எழுதுங்கள். நகரத்து ஆள் ஒருவர், அந்த ஊர் ஆள் ஒருவர், இரண்டு கையெழுத்து. கிராம சேவகரிடம் உள்ள பட்டியலோடு ஒத்துப் பாருங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்பதைச் சபையில் வாசியுங்கள். வாங்கினவர்களின் பெயரை மட்டும் வாசிக்காதீர்கள், அறிவித்தல் பலகையிலும் ஒட்டாதீர்கள். வட்ஸ்அப்பில் பொதியோடு நிற்கிற படமும் வேண்டாம்.

மூதூர்ப் பிள்ளை:

அக்கா, நான் உங்கள் சபை இல்லை, ஆனால் அந்தப் பக்கத்துக்காரி. 2006இல் எனக்குப் பதினொரு வயது. அன்றிலிருந்து எங்களுக்கு யாராவது எதையாவது தந்துகொண்டே இருக்கிறார்கள். நன்றி மறக்கவில்லை. ஆனால் உங்களால் சபைக்கு என்ன செய்ய முடியும் என்று எங்களிடம் கேட்டவர்கள் குறைவு. இந்த வெள்ளத்தில் முதல் இரண்டு நாளும் எங்கள் ஒழுங்கைக்குச் சோறு சமைத்துத் தந்தது பக்கத்துத் தெரு முஸ்லிம் வீட்டார். அந்தச் சமையலுக்குத் தேங்காய் துருவி, விறகு எடுத்துக் கொடுத்து நின்றது எங்கள் அம்மாமார். உங்கள் பட்டியலில் விடுபட்டவர்களும் அப்படித்தான் எங்கேயோ வேலை செய்துகொண்டிருந்திருப்பார்கள்.

பொதியோடு முதலில் போகாதீர்கள். வெறுங்கையோடு போய் அந்த அம்மாவின் வீட்டில் இருந்து தேத்தண்ணீர் குடியுங்கள். பிழை நடந்தது என்று சபை சொல்ல வேண்டும், நீங்கள் தனியாளாகச் சொன்னால் அது உங்கள் நல்ல மனது என்று மட்டும்தான் எடுத்துக்கொள்வார்கள்.

கொட்டியாரக்குடா:

எல்லாருக்கும் நன்றி. அப்போஸ்தலர் 6ஐ எடுத்துக்கொண்டு போதகர் ஐயாவிடம் போனேன். கனநேரம் பேசாமல் இருந்தார். பிறகு அடுத்த ஞாயிறு பிரசங்கத்துக்கு முன்னால் அவரே எழுந்து, பட்டியல் எழுதின முறை பிழை, கேட்ட பிள்ளையை நாங்கள் பேசாமல் இருக்கச் சொன்னதும் பிழை என்று சொன்னார். மூத்தவர் ஒருவருக்கு அது பிடிக்கவில்லை, ஆராதனை முடிந்ததும் கதைக்காமல் போய்விட்டார். அவரையும் நாங்கள் இழக்கக் கூடாது, இளமையில் சைக்கிளில் போய் நோயாளிகளைப் பார்த்து ஜெபித்த மனிதர் அவர். அவர் வீட்டுக்கு ஐயா போவதாகச் சொல்லியிருக்கிறார்.

நானும் சங்கத்தில் இன்னொருவருமாக அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனோம், வெறுங்கையோடு. தேத்தண்ணீரும் ரொட்டியும் தந்தார். பொதியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கரோல் வரும் என்று பலகாரம் சுட்டு வைத்திருந்தாராம், அதைச் சொல்லும்போது மட்டும் குரல் மாறிவிட்டது. இனிமேல் அந்தப் பக்கத்து உதவிகளை மருமகளும் இன்னொரு தாயும் பார்ப்பார்கள், சங்கக் கூட்டம் ஒரு மாதம் நகரத்தில், அடுத்த மாதம் மூதூரில் என்று பேசியிருக்கிறோம். எல்லாரும் திரும்பி வரவில்லை. ஒரு குடும்பம் கதவைத் திறந்தது, ஆனால் இருக்கச் சொல்லவில்லை.

இப்போதைய தேவை அந்தக் கிணறு. தண்ணீர் இன்னும் மணக்கிறது. நகரத்து வாலிபரும் அந்த ஊர்ப் பிள்ளைகளும் சேர்ந்து இறைக்கப் போகிறார்கள். மூதூர்ப் பக்கம் தண்ணீர்ப் பம்பி வாடகைக்குத் தருகிறவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

மட்டுநகரான்:

கடலுக்குக் கிட்ட என்றால் ஒரேயடியாக இறைக்க விடாதீர்கள். சுனாமிக்குப் பிறகு அப்படி இறைத்துப் பல கிணறுகளில் உப்பு ஏறியது. கொஞ்சம் இறைத்து, ஊற விட்டு, மறுபடி இறையுங்கள். சேற்றை அள்ளின பிறகு பொது சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லிக் குளோரின் போடுங்கள், அதுவரை கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும். பம்பிக்கு மூதூரில் ஒருவரை விசாரித்துவிட்டு இரவு எழுதுகிறேன்.