அபராதத்தோடு போகுமா, கிரிமினல் வழக்காகுமா?

அமெரிக்காவின் மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் (ஃபெர்க்) பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறேன், ஓரிடத்தில் மாட்டிக்கொண்டேன். அபராதத்தை ஆணையமே விதிக்கலாம். கிரிமினல் வழக்கென்றால் கோப்பை நீதி அமைச்சகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். 2005 எரிசக்திக் கொள்கைச் சட்டத்துக்குப் பிறகு, தெரிந்தே வேண்டுமென்று விதிகளை மீறினால் 5 ஆண்டு வரை சிறை.

சரி, அந்தத் ‘தெரிந்தே’யை எப்படி எடைபோடுகிறார்கள்? ஒருவர் எரிவாயுவை நஷ்டத்துக்கே விற்றுக்கொண்டிருக்கிறார், விலை இறங்கினால் பலன் தரும் வேறொரு பெரிய ஒப்பந்தத்தில் லாபம் பார்க்க. கணக்கு மட்டும் பார்த்தால் அசட்டுத்தனம் போலத் தெரியும். ‘விலை இறங்கினால் போதும்’ என்று சக ஊழியருக்கு ஒரு வரி சாட் அனுப்பியிருந்தால்? அப்புறம் அதை அழித்தும் இருந்தால்? தொகையைவிட இந்த மறைப்புதான் கோப்பை நகர்த்தும் என்பது என் ஊகம்.

அமலாக்கப் பிரிவில் வேலை பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்களேன். தானாக முன்வந்து ஒப்புக்கொண்டால் தப்பிக்க முடியுமா என்பதையும்.