புதுப்பிப்பு: நாள்பட்ட கழுத்துவலி, பயிற்சி நின்றுபோவது ஏன்?

மூன்று மாதம் தாண்டிய கழுத்துவலிக்கான தாடைப் பயிற்சியை முந்தைய இழையில் எழுதியிருந்தேன். "நாலாம் நாளே வலி கூடிடுச்சு, விட்டுட்டேன்" என்று சிலர் சொன்னீர்கள். அதற்குத்தான் இது.

பயிற்சி அதேதான்: மல்லாந்து படுத்து, தலையைத் தூக்காமல் தாடையை மெல்ல உள்ளிழுத்து 10 விநாடி, 10 முறை வரை. கழுத்தின் முன்தசை கயிறாகப் புடைத்தால் அழுத்தம் அதிகம், குறையுங்கள்.

பெரும்பாலும் கெடுப்பது, வலி குறைந்த நாளில் 30 முறை செய்துவிட்டு மறுநாள் படுத்துவிடுவது. மூன்று நாள் சிரமமின்றிச் செய்ய முடிந்த எண்ணிக்கையின் சராசரி எடுத்து, அதில் 80 சதவீதத்தில் தொடங்குங்கள். நல்ல நாளானாலும் அதே அளவுதான்.

இன்னொன்று பயம். "எலும்பு தேஞ்சிடுச்சு, திருப்பினா நரம்பு போயிடும்" என்ற நினைப்பே தசையை இறுக்கும். வலியே இல்லாதவர் ஸ்கேனிலும் தேய்மானம் தெரியும்! தவிர்க்கும் அசைவுகளை எளிதிலிருந்து வரிசைப்படுத்துங்கள்: நாற்காலியில் தலை திருப்புவது, நிறுத்திய ஸ்கூட்டரில் திரும்பிப் பார்ப்பது, கடைசியாக சென்னை ஓ.எம்.ஆர். சாலை நெரிசலில் திரும்பிப் பார்ப்பது. எதிர்பார்த்த வலி, வந்த வலி இரண்டையும் பத்துக்கு எவ்வளவு என்று குறித்து, உளவியலாளர், பிசியோ இருவரிடமும் காட்டுங்கள்.

கை பலவீனம், நடைத் தடுமாற்றம், சிறுநீர் அடக்க முடியாமை இருந்தால் பயிற்சி வேண்டாம். அன்றே மருத்துவரைப் பாருங்கள்.