கிளட்ச் லீவர் கல் மாதிரி இருக்கிறது, உதவுங்கள்

பென்னாகரம்_மண்ரோடு:
அவசரம். பைக்கில் கிளட்ச் பிடிக்கவே முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வத்தல்மலை ஏறுகிறோம். போன தடவை பாதி மலையிலேயே இடது கை மரத்துப்போய்விட்டது. என்ன மாற்றினால் லேசாகும்?

ஓசூர்_கியர்:
என்ன வண்டி? கேபிளா, ஹைட்ராலிக்கா? திடீரென்று இப்படி ஆனதா, வாங்கியதில் இருந்தே இப்படியா?

அரூர்_ரைடர்:
ஸ்பிரிங்தான் ப்ரோ. நாலில் இரண்டைக் கழற்றிவிடுங்கள், வெண்ணெய் மாதிரி வரும்.

பழைய_ஸ்பேனர்:
வரும். முதல் மேட்டிலேயே கிளட்ச் வழுக்கி, பிளேட் கருகும் வாசனையும் வரும். பிளேட்டை அழுத்திப் பிடிப்பதே அந்த ஸ்பிரிங்தான், தம்பி. பாலபாடம் இது. முதலில் இன்ஜின் பக்கம் கேபிளைக் கழற்றிவிட்டு, உள் ஒயரைக் கையால் முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். சிக்கினால் கோளாறு கேபிளில். வழுவழுவென்று ஓடினால் மட்டும் இன்ஜின் பக்கம் போங்கள்.

பென்னாகரம்_மண்ரோடு:
கேபிள்தான். 200 சிசி, செகண்ட் ஹேண்ட். ஒரு மாதமாகத்தான் இப்படி.

காவேரிப்பட்டணம்_தோப்பு:
நான் லேத்தில் கொடுத்து, இன்ஜின் பக்கத்தில் கேபிள் இழுக்கும் கிளட்ச் ஆர்மை ஒரு செ.மீ. நீட்டி வெல்டு வைத்தேன். சூப்பராக இருக்கிறது.

பழைய_ஸ்பேனர்:
வண்டி நிற்கும்போது நியூட்ரல் விழுகிறதா?

காவேரிப்பட்டணம்_தோப்பு:
கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டும்.

பழைய_ஸ்பேனர்:
ஆர்ம் நீண்டால் கைக்கு பலம் குறைவாகப் போதும், ஆனால் அதே இழுப்புக்கு பிளேட் விலகும் தூரமும் குறையும். கிளட்ச் முழுசாக விடாது. இதை இங்கே எத்தனை முறைதான் எழுதுவது?

அரூர்_ரைடர்:
ஆயிலையும் பாருங்கள். நான் கெட்டியான 20டபிள்யூ-50 ஆயில் ஊற்றியதில் இருந்து லீவர் இறுகிவிட்டது.

ஓசூர்_கியர்:
ஆயிலால் கிளட்ச் ஒட்டும், கார் ஆயில் ஊற்றினால் வழுக்கும். லீவர் கனப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அரூர்_ரைடர்:
என் கைக்குத் தெரியாதா அண்ணா?

(இதற்குப் பிறகு பதினோரு பதிவுகள் ஆயிலைப் பற்றி மட்டும். ஜாஸோ எம்ஏ, எம்ஏ2 என்று பைக் ஆயில் தரக்குறியீடுகளைப் பற்றி ஒரு பாட்டம் நடந்தது.)

ஓசூர்_கியர்:
பென்னாகரம் நண்பா, ஒரு மாதத்துக்கு முன்னால் ஹேண்டில்பாரில் எதையாவது மாற்றினீர்களா?

பென்னாகரம்_மண்ரோடு:
ஹேண்டில்பாரை உயர்த்தும் ரைசர் போட்டேன். நின்று ஓட்ட வசதிக்கு. அதற்கும் கிளட்சுக்கும் என்ன?

பழைய_ஸ்பேனர்:
இதை முதல் வரியில் சொல்லியிருந்தால் எல்லோருக்கும் நேரம் மிச்சம்.

ஓசூர்_கியர்:
ஹேண்டில் உயர்ந்தது, கேபிள் நீளம் அதேதான். எங்காவது முறுக்கி மடங்கியிருக்கும், வளைவில் உள் ஒயர் உரசும். கேபிள் போகும் பாதையைப் பாருங்கள். லீவர் நுனியில் 10 முதல் 15 மி.மீ. வெற்றாட்டம், அதாவது கேபிள் இழுபடாமல் லீவர் சும்மா ஆடும் தூரம், இருக்க வேண்டும். லீவர் போல்ட்டில் ஒரு பொட்டு கிரீஸ் போதும். கேபிளுக்குள் கிரீஸ் அடைக்காதீர்கள், மண் ஒட்டும்.

பென்னாகரம்_மண்ரோடு:
பார்த்தேன். ஹெட்லைட்டுக்குப் பின்னால் ரைசர் போட்டவர் ஜிப் டை போட்டு இறுக்கி, கேபிளை எல் மாதிரி மடக்கி வைத்திருக்கிறார். கறுப்பு உறை அங்கே வெடித்து, உள்ளே செந்துரு. ஒயரில் இரண்டு இழை அறுந்து விரலில் குத்தியது. நீளமான கேபிள் வாங்கி வளைவில்லாமல் விட்டேன். இரண்டு விரலில் வருகிறது. நன்றி அண்ணா.

அரூர்_ரைடர்:
அப்புறம், ஆயில் என்ன ஊற்றியிருக்கிறீர்கள்?