கூடுதல் வாசிப்பு வகுப்பு: அந்த அரை மணி நேரம் எங்கிருந்து வருகிறது?

கரும்பலகை: "முதல் வகுப்பில் வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு அரசுச் செலவில் தனி ஆசிரியர் வீண், வீட்டில் சொல்லிக்கொடுத்தால் போதும்" என்று நேற்று ஒரு மேதை எழுதியிருந்தார். முப்பது ஆண்டுகள் சின்ன வகுப்புகளில் தொண்டை வற்றியவள் நான். வீட்டில் எழுத்தறிந்தவரே இல்லாத பிள்ளை யாரிடம் போகும்? நியூசிலாந்தில் மேரி கிளே 1970களில் உருவாக்கிய 'ரீடிங் ரெக்கவரி' திட்டத்தைப் பாருங்கள். தினமும் அரை மணி நேரம், ஒரு பிள்ளைக்கு ஒரு ஆசிரியர், 12 முதல் 20 வாரங்கள்.

ஒற்றைவரி: அந்த மேதை நான்தான். அந்த அரை மணி நேரம் எங்கிருந்து வருகிறது? நடக்கிற பாடத்திலிருந்து பிள்ளையை எழுப்பிக்கொண்டு போவதற்குப் பெயர் 'கூடுதலா'?

கரும்பலகை: வாசிக்கத் தெரியாத பிள்ளை நடக்கிற பாடத்தில் உட்கார்ந்து எதைக் கிழிக்கப்போகிறது? கணக்கைக்கூட வாசித்தால்தானே போட முடியும்?

ஒற்றைவரி: அரை மணி எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். தவிர, அது 'ஓர் ஆசிரியர்'. முப்பது ஆண்டுகள்!

தாழ்வாரம்: விளைவைப் பேசுவோமா? அமெரிக்க அரசு 2010இல் இதே திட்டத்தை விரிவாக்க நிதி தந்தது. முதல் வகுப்பில் நல்ல முன்னேற்றம். ஆனால் 2022இல் வெளியான தொடர் ஆய்வில், அந்தப் பிள்ளைகள் மூன்றாம், நான்காம் வகுப்புகளில், திட்டத்தில் சேராத அதே நிலைப் பிள்ளைகளைவிடப் பின்தங்கியிருந்தார்கள். எழுத்தொலிகளை முறையாகச் சொல்லித்தராமல் படத்தையும் சூழலையும் வைத்துச் சொல்லை ஊகிக்கப் பழக்குகிறார்கள் என்பது இதன்மேல் உள்ள பழைய குற்றச்சாட்டு.

கரும்பலகை: மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தச் சொல்கிறீர்களா, தாழ்வாரம்? முறை தவறென்றால் முறையை மாற்றுங்கள். இருபது வாரத்தில் ஊன்றுகோலைப் பிடுங்கிவிட்டு, மூன்றாம் வகுப்பில் ஏன் விழுந்தாய் என்று கேட்பது என்ன நியாயம்? என் வகுப்பில் ஒரு பையன் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு எல்லோரோடும் சேர்ந்து கடகடவென்று ஒப்பிப்பான். நாற்பது பேர் நடுவில் அதைக் கண்டுபிடிக்கவே எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. தனியாக உட்காரவைத்த பிறகுதான் 'ப'வும் 'ய'வும் அவனுக்கு ஒன்றாகத் தெரிந்தன என்று புரிந்தது. இதை வீட்டில் யார் பார்ப்பார்கள்?

தாழ்வாரம்: நான் கொளுத்தச் சொல்லவே இல்லை.

ஒற்றைவரி: அவனை எந்தப் பாடவேளையில் தனியாக உட்காரவைத்தீர்கள்?

கரும்பலகை: விளையாட்டு வேளையில். போதுமா?

ஒற்றைவரி: ஆக, அவன் விளையாட்டைப் பிடுங்கினீர்கள்.

கரும்பலகை: போன மாதம் கையெழுத்துப் பயிற்சி வேண்டாம் என்று குதித்தவரும் நீங்கள்தானே? அன்றும் இப்படித்தான் ஒரே கேள்வியைப் பிடித்துத் தொங்கினீர்கள். பெயர்தான் ஒற்றைவரி என்று நினைத்தேன், சிந்தனையும் அப்படித்தான்.

ஒற்றைவரி: கையெழுத்தை ஏன் இழுக்கிறீர்கள்? 'ஒரு ஆசிரியர்' இன்னும் திருத்தப்படவில்லை.

கரும்பலகை: திருத்த மாட்டேன். பேச்சு வழக்கில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். அந்தப் பையனைப் பற்றி இன்னும் முடிக்கவில்லை நான், இரவு வந்து மீதியை எழுதுகிறேன்.