வேளைத்தேய்வு: லெவோடோபாவின் பயன் அடுத்த வேளைக்கு முன்பே குறைவதற்கு ஒரு சொல்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பார்க்கின்சன் நோயாளிக்குக் கொடுக்கும் லெவோடோபாவின் பயன், அடுத்த வேளை மருந்துக்கு நேரமாகும் முன்பே குறைந்து, நடுக்கமும் விறைப்பும் அசைவு மந்தமும் திரும்பிவிடும் நிலையை வார்டில் ‘வேரிங் ஆஃப்’ என்றே சொல்கிறார்கள். செவிலியர் பாடநூலுக்காக அதற்குப் பயனிழப்பு, மருந்திறக்கம், விளைவுத் தொய்வு என மூன்று சொற்கள் இங்கே முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றிலும் எனக்குத் தயக்கம் உண்டு. காரணத்தைச் சொல்வதற்கு, அந்த நிலை எப்படி உண்டாகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

நோயின் தொடக்க ஆண்டுகளில், மூளையில் எஞ்சியிருக்கும் நரம்பணுக்கள் லெவோடோபாவிலிருந்து உருவாகும், அசைவுக்குத் தேவையான வேதிப்பொருளான டோபமைனைச் சேமித்து வைத்துக்கொண்டு சிறுகச் சிறுக வெளிவிடுகின்றன. அதனால்தான், மூளையை அடையும் முன் லெவோடோபா சிதைவதைக் குறைக்கும் கார்பிடோபாவுடன் சேர்த்துக் கொடுத்தாலும் இரத்தத்தில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே அரைவாழ்வு (அளவு பாதியாகக் குறையும் காலம்) கொண்ட இம்மருந்து, நாளுக்கு மூன்று வேளை கொடுத்தாலே பலருக்குப் போதுமானதாக இருக்கிறது. நோய் முற்ற முற்ற அந்தச் சேமிப்பிடம் குறைகிறது. நோயாளியின் அசைவு, இரத்தத்தில் மருந்து ஏறுவதையும் குறைவதையும் ஒட்டியே மாறத் தொடங்குகிறது. ஆக, மருந்து தன் ஆற்றலை இழக்கவில்லை. ஒரு வேளையின் பயன் நீடிக்கும் காலம்தான் சுருங்குகிறது. நாம் ஆக்கும் சொல் இந்த வேறுபாட்டைக் காப்பாற்ற வேண்டும்.

‘பயனிழப்பு’ இங்கேதான் தவறுகிறது. அது நிலையான இழப்பைச் சுட்டுகிறது; குளோபசாம் போன்ற வலிப்பு மருந்துக்கு உடல் பழகி, வாரங்களிலோ மாதங்களிலோ அதன் பயன் மங்கிப்போவதற்கு வேண்டுமானால் அச்சொல் பொருந்தும். லெவோடோபா விஷயத்தில் அதைக் கேட்கும் குடும்பத்தார், ‘இனி இந்த மாத்திரையால் பயனில்லை’ என்று எண்ணி நிறுத்திவிடக்கூடும். திடீரென நிறுத்தினால் கடும் காய்ச்சல், விறைப்பு, மனக்குழப்பம் என உயிருக்கே ஆபத்தான நிலை வரலாம் என்பதை இக்குழுவில் விளக்கத் தேவையில்லை.

‘மருந்திறக்கம்’ ஒலிநயமுள்ள சொல்தான். ஆனால் மாத்திரை தொண்டையில் இறங்கவில்லை என்பது பார்க்கின்சன் நோயாளிகளிடம் அன்றாடம் கேட்கும் முறையீடு. விழுங்கும் சிரமத்தைத் தனியே குறித்துவைக்க வேண்டிய செவிலியருக்கு, இரண்டு ‘இறக்கங்கள்’ ஒரே ஏட்டில் வருவது நல்லதல்ல.

‘விளைவுத் தொய்வு’ என்பதில் உள்ள இடர் வேறு. முதலாவதாக, மருந்தின் பயன் குறையும்போது இந்நோயாளியின் உடல் தொய்வதில்லை, விறைக்கிறது. இரண்டாவதாக, நம் சொல் லெவோடோபாவோடு நின்றுவிடக் கூடாது. தசைகள் எளிதில் சோர்ந்துபோகும் மயஸ்தீனியா கிராவிஸ் நோய்க்குத் தரும் பைரிடோஸ்டிக்மினின் பயனும் சில மணி நேரத்தில் குறைந்துவிடுகிறது. அங்கே முதலில் தென்படும் குறிகளில் ஒன்றே இமைத்தொய்வு. நோய்க்குறிக்கும் மருந்தின் நிலைக்கும் ஒரே சொல் எப்படி நிற்கும்?

எனவே ‘வேளைத்தேய்வு’ என்ற சொல்லை முன்மொழிகிறேன். ‘மூன்று வேளை மருந்து’ என்று எல்லோரும் சொல்வதால், ஒரு முறை உட்கொள்ளும் மருந்துக்கு ‘வேளை’ ஏற்கெனவே பழகிய சொல். தேய்பிறைக்குப் பின் வளர்பிறை வருவதைப் போல, ‘தேய்வு’ மீண்டும் வளர்வதற்கு இடம் விடுகிறது. அடுத்த வேளை கொடுத்ததும் நோயாளி மீண்டும் எழுந்து நடக்கும் இந்நிலைக்கு அது பொருத்தமே. மூட்டுத் தேய்மானம், எலும்புத் தேய்வு ஆகியவற்றோடு குழம்பும் என்று சிலர் சொல்லலாம்; ‘வேளை’ முன்னே நிற்பதால் அந்த அச்சம் எனக்கில்லை. பேச்சில் ‘வேலைத்தேய்வு’ என்று ஒலிக்கும் என்பது நியாயமான மறுப்பு. அதைத் தவிர்க்க ‘வேளையிறுதித் தேய்வு’ என நீட்டிப் பார்த்தேன். ஆனால் மருத்துவமனையில் ‘இறுதி’ என்ற சொல்லை நோயாளியின் காதில் போட எனக்கு மனமில்லை.

சொல் வேளையைச் சுட்டுவதில் இன்னொரு நன்மையும் உண்டு: செவிலியரின் கவனத்தை அது கடிகாரத்தின் பக்கம் திருப்புகிறது. குறித்த நேரத்திலிருந்து அரை மணிக்கு மேல் தள்ளிப்போகாமல் மருந்து கொடுத்தல், புரதம் மிகுந்த உணவோடு சேர்த்துக் கொடுக்காதிருத்தல், அறிகுறி திரும்பிய நேரத்தை எழுதிவைத்தல் ஆகிய மூன்றும் வேளையைப் பற்றியவையே. புரதத்திலிருந்து வரும் சில அமினோ அமிலங்கள், குடலிலும் மூளையின் வாயிலிலும் லெவோடோபாவோடு போட்டியிடுகின்றன. மருத்துவர் வேளைகளின் இடைவெளியைக் குறைக்கிறாரா, லெவோடோபாவின் பயனை நீட்டிக்கும் என்டகபோனைச் சேர்க்கிறாரா என்பது பெரும்பாலும் அந்த நேரக்குறிப்பைப் பொறுத்தே அமையும். வேளைத்தேய்வு நடுக்கமாக மட்டுமே வெளிப்படும் என்று பாடநூல் சொல்லிவிடக் கூடாது. பதற்றம், வியர்வை, வலி ஆகியனவும் அவ்வாறே வந்துபோகும்.

கணிக்க முடியாமல் திடீரென உடல் முடங்கும் நிலையை இச்சொல்லுக்குள் அடக்க வேண்டாம். அதற்குத் ‘திடீர் முடக்கம்’ போதும் என நினைக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் தனி இழையில் எழுதுங்கள்.

பாடநூலில் வரக்கூடிய பயன்பாட்டு வாக்கியம் ஒன்று: ‘காலை 8 மணிக்கு மருந்து தரப்பட்டது, 10.45-க்கு வேளைத்தேய்வு தொடங்கியது, வலக்கை நடுக்கமும் பதற்றமும் காணப்பட்டன. 12 மணி மருந்துக்குப் பின் 40 நிமிடத்தில் தணிந்தன.’ இதில் உங்கள் சொல்லை இட்டு வாசித்துப் பார்த்து, அதன் பிறகு உங்கள் முடிவை எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.