எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கம் வலப்புறம் ஓடுகிறது: எங்கே திருத்துவது?

கேள்வி:
வணக்கம். சிறுகதைகள் வெளியிடும் சிறிய தமிழ்த் தளம் ஒன்றை நடத்தி வருகிறேன். என் அப்பா மடிக்கணினியில் கன்ட்ரோலையும் கூட்டல் விசையையும் அழுத்தி, 200 விழுக்காடு பெரிதாக்கித்தான் படிக்கிறார். ஒவ்வொரு வரிக்கும் வலப்புறம் நகர்த்தி மீண்டும் இடப்புறம் வர வேண்டியிருப்பதால், கதையைப் பாதியிலேயே மூடிவிடுகிறார். பக்கத்தின் அகலம் 960 பிக்சல். அதில் 300 பிக்சல் பக்கப்பட்டை. பெரிய எழுத்துக்கெனத் தனிப் பக்கம் செய்ய வேண்டுமா?

மறுமொழி 1:
தனிப் பக்கம் வேண்டாம். 1366 பிக்சல் திரையை 200 விழுக்காடு பெரிதாக்கினால், உலாவி அதை 683 பிக்சல் திரையாகவே கணக்கிடும். ஆகவே கைப்பேசிக்கு எழுதும் மீடியா குவெரியே (திரையின் அளவுக்கேற்பப் பக்க அமைப்பை மாற்றும் விதி) உங்கள் அப்பாவுக்கும் பயன்படும். 960 என்பதை விட்த் (மாறாத அகலம்) என்று எழுதாமல் மேக்ஸ்-விட்த் (அதிகபட்ச அகலம்) என்று எழுதுங்கள். இடம் குறையும்போது பக்கப்பட்டை கதைக்குக் கீழே இறங்கட்டும். 2018இல் வெளிவந்த டபிள்யூசிஏஜி 2.1 என்ற இணைய அணுகல்தன்மை வழிகாட்டி, 320 பிக்சல் அகலத்திலும் கிடைமட்டமாக நகர்த்தாமல் படிக்க முடிய வேண்டும் என்கிறது; 1280 பிக்சல் திரையை 400 விழுக்காடு பெரிதாக்கினால் கிடைக்கும் அகலம் அதுதான். அந்த அளவில் சோதித்துப் பாருங்கள்.

மறுமொழி 2:
அதன் பிறகும் ஓடினால், காரணம் பெரும்பாலும் தமிழ்ச் சொற்களின் நீளமே. 'பல்கலைக்கழகங்களுக்கிடையேயான' போன்ற சொல் தலைப்பில் வந்தால், அது உடையாமல் பத்தியையே (நெடுவரிசையை) அகலப்படுத்திவிடும். ஓவர்ஃப்ளோ-ராப் பண்புக்கு எனிவேர் என்ற மதிப்பைக் கொடுங்கள்; வரியில் அடங்காத சொல் மட்டும் உடையும். பக்கத்தைக் கட்டங்களாகப் பிரிக்கும் கிரிட் முறையைப் பயன்படுத்தினால், 1எஃப்ஆர் (மீதி இடத்தில் ஒரு பங்கு) என்பதற்குப் பதிலாக மின்மேக்ஸ்(0, 1எஃப்ஆர்) என எழுதுங்கள். இல்லையெனில் பத்தி தன் உள்ளடக்கத்தைவிடச் சுருங்க மறுக்கும். வேர்ட்-பிரேக்: பிரேக்-ஆல் மட்டும் வேண்டாம், அடுத்த வரியில் முழுதாக அடங்கக்கூடிய சொல்லையும் அது வெட்டிவிடும், படிப்பவருக்கு அது பெரும் துன்பம்.

பொத்தான்களுக்குப் பிக்சலில் உயரம் வைத்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். எழுத்தளவை மட்டும் கூட்டும் வாசகருக்கு 'கீ'யின் மேற்சுழியும் 'மூ'வின் கீழ்வளைவும் வெட்டுப்படும். வரி உயரத்தை அலகு சேர்க்காமல் 1.7 என எழுதினால் எழுத்தோடு சேர்ந்து அதுவும் வளரும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. மின்மேக்ஸ்தான் விடை; பக்கம் இப்போது ஓடவில்லை. ஆனால் 400 விழுக்காட்டில், மேலே ஒட்டி நிற்கும் பட்டியே திரையின் பாதியை அடைத்துக்கொள்கிறது.

மறுமொழி 1:
திரையின் உயரம் 30இஎம் (உலாவியின் இயல்பான எழுத்தளவைப் போல் 30 மடங்கு) அல்லது அதற்கு மேல் இருந்தால் மட்டும் பட்டி ஒட்டி நிற்கும்படி, மின்-ஹைட் மீடியா குவெரிக்குள் பொசிஷன்: ஸ்டிக்கியை எழுதுங்கள். உயரம் குறைந்த திரையில் பட்டி கதையோடு மேலே நகர்ந்துவிடும்.